தூங்குமூஞ்சிப் பூவும் ஐந்தாவது சீட்டும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று தாவரவியல் துறைப் பிள்ளைகள் வீடு தேடி வந்து கேட்டார்கள். நான் பேராசிரியர் இல்லை. அந்தத் துறையில் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். "அந்தக் காலத்துல எக்ஸாமுக்கு நெஜப் பூவே வெப்பாங்களாமே, அதப் பத்தி எழுதுங்கண்ணே" என்றார்கள். இப்போதெல்லாம் திரையில் படம் காட்டி இது என்ன பூ என்று கேட்கிறார்களாம். படத்தைக் கிள்ளிப் பார்க்க முடியாது, முகர்ந்து பார்க்க முடியாது என்று நானும் நாலு பேரிடம் அங்கலாய்த்திருக்கிறேன். ஆனால் நிஜப் பூவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை. பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தை இப்படியே திருப்பிவிடுவது நல்லது.

எனக்குத் தாவரவியல் படிக்க ஆசை. எங்கள் அப்பா குத்தகைக்குக் கரும்பு போட்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு அனுப்புகிறவர். பிளஸ் டூ முடித்ததும் கள்ளக்குறிச்சியில் இதே கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டேன். காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது பெயர் என்னுடையது. பட்டியல் இரண்டு பேரோடு நின்றுவிட்டது. அடுத்த வருஷம் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அதே கல்லூரிக்கு, அதே துறைக்கு அட்டெண்டராக அனுப்பினார்கள். எந்தப் பெஞ்சில் உட்கார ஆசைப்பட்டேனோ அந்தப் பெஞ்சைத் துடைக்கிற வேலை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு வயிறு எரிந்தது.

வேலை பழக ஆறு மாதம்கூட ஆகவில்லை. தண்டை முருங்கைக் கட்டைக்குள் செருகி, சவரப் பிளேடால் மெல்லிசாகச் சீவி, தண்ணீரில் மிதக்கவிட்டு, இருப்பதிலேயே மெல்லிய துண்டைத் தூரிகையால் எடுத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்து மூட வேண்டும். இதற்கு செக்‌ஷன் என்று பேர். என் கைக்கு அது சட்டென்று வந்துவிட்டது. பிள்ளைகள் வெட்டினால் ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் கிழிந்தும் வரும். மேடம் திரும்பி நிற்கிற நேரம் பார்த்து, "அண்ணே, ஒண்ணே ஒண்ணு வெட்டிக் குடுங்கண்ணே" என்று கிண்ணத்தை என் பக்கம் தள்ளுவார்கள். நானும் வெட்டிக் கொடுப்பேன்.

மேடம் என்றால் துறைத் தலைவர் எஸ்தர் மேடம். பக்கத்துக் கிராமத்தில் காடு கழனி உள்ள கிறிஸ்தவக் குடும்பம். காலையில் வந்ததும் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் லென்ஸைக் குழாயில் கழுவி, முந்தானையில் துடைத்த பிறகுதான் யாரையும் நிமிர்ந்து பார்ப்பார். அட்டெண்டரான என்னையும் சேர்த்து எல்லோரையும் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். குரல் உயராது. செக்‌ஷன் தடியாக இருந்தால், "இன்னாங்க இது, இட்லி வெட்டினீங்களா, தண்டு வெட்டினீங்களா?" என்று மட்டும் கேட்பார். நன்றாக இருந்தால் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். கண்ணாடியை எடுத்து, வெட்டியவர் பெயரை ஒட்டி, தன் மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அந்தப் பெட்டிக்குள் போவதுதான் அந்தத் துறையில் பெரிய மரியாதை. நான் வெட்டியவை ஏழு அந்தப் பெட்டிக்குள் இருந்தன. ஏழிலும் வேறு வேறு பையன்கள் பெயர்.

சடையன் மட்டும் என்னிடம் கிண்ணத்தைத் தள்ளியதே இல்லை. கரியாலூருக்கும் மேலே ஒரு மலைக்கிராமத்துப் பையன். என் வயதுதான், ஆனாலும் மற்றவர்களைப் போல அவனும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். எனக்கு இடம் கிடைக்காத அதே பட்டியலில் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அலுவலகத்தில் பழைய சேர்க்கைக் கட்டுகளை அடுக்கச் சொன்னபோது அவன் மதிப்பெண் பட்டியல் கண்ணில் பட்டது. கூட்டிப் பார்த்தேன். என் மார்க்கு ஜாஸ்தி. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அவன் இடம் மலைவாசிகளுக்கென்று ஒதுக்கிய இடம், அவன் வராமல் போயிருந்தாலும் அது எனக்கு வந்திருக்காது என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவனைப் பார்க்கும்போதெல்லாம் என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருப்பதாகவே எனக்குப் பட்டது.

அவன் படிக்காத பையனாக இருந்திருந்தால்கூட ஆறியிருக்கும். அவனோ என்னைவிட மெல்லிசாக வெட்டினான். இலையைத் திருப்பி நரம்பைப் பார்த்துவிட்டு அது எந்தத் தாவரக் குடும்பம் என்று சொல்வான். மேடத்தின் பெட்டியில் அவன் பெயர் போட்ட கண்ணாடி பதினொன்று இருந்தது. நான் எண்ணியிருக்கிறேன். பெட்டியைத் துடைக்கும்போது ஒன்றைக் கை தவறிப் போட்டு உடைத்துவிடலாமா என்று இரண்டு தடவை நினைத்ததும் உண்டு. பயத்தில் செய்யவில்லை.

மூன்றாம் வருஷம் ஏப்ரலில் அவனுக்கு ஒரு சோதனை வந்தது. செய்முறைத் தேர்வு அன்று மலைப் பேருந்து பாதி வழியில் நின்றுபோக, தேர்வு தொடங்கி முக்கால் மணி கழித்து வந்து நின்றான். அரை மணிக்கு மேல் யாரையும் உள்ளே விடக் கூடாது என்பது விதி. மேடமே வாசலில் நின்று, "விதிங்க. நான் ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்று திருப்பி அனுப்பினார். மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, அது ஒன்று மட்டும் நின்றுபோயிற்று. செப்டம்பரில் மறுதேர்வு. பி.எட். படிக்க அவனுக்கு ஓரிடம் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த மறுதேர்வில் தேறினால்தான் அந்த இடம். உதவித்தொகை முடிந்துவிட்டது, இன்னொரு வருஷம் காத்திருக்க வீட்டில் வழியில்லை. செப்டம்பரில் தவறினால் மலையில் மரவள்ளிக்குக் களை எடுக்கப் போக வேண்டியதுதான். இது எனக்கு நன்றாகத் தெரியும். அவனே சொல்லியிருந்தான்.

அந்த செப்டம்பரில்தான் மறியல் வந்தது. எங்கள் சாதிக்குத் தனியாக இட ஒதுக்கீடு வேண்டும் என்று வடமாவட்டங்கள் முழுக்கச் சாலையை மறித்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் மைல் கணக்கில் நின்றன. மரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்தார்கள். தேர்வுக்கு முந்தின நாள் பகலில், கச்சிராயபாளையம் ரோட்டில் எங்கள் ஆட்கள் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அரசாங்கச் சம்பளக்காரன், நிற்கக்கூடக் கூடாது. முகம் தெரியாமல் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றேன். "இன்னாப்பா காலேஜி, வேடிக்க பாத்துக்கினு நிக்கிற? கயித்தப் புடி" என்றார் ஊர்க்காரர் ஒருவர். பிடித்தேன். காத்திருப்போர் பட்டியலை நினைத்துக்கொண்டு என் பலம் எல்லாவற்றையும் போட்டு இழுத்தேன். மரம் விழுந்தபோது மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

தேர்வு தள்ளிப்போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வர வேண்டிய வெளித்தேர்வாளர் மறியலுக்கு முந்தைய நாளே வந்து லாட்ஜில் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபமான கோபம். "ஊருக்குத்தான் போவ முடியல, வந்த வேலையாவது முடியட்டும். டீத்தண்ணி கூடக் கெடைக்கலீங்க இந்த ஊர்ல" என்றார். மேடமும் சரி என்றுவிட்டார்.

இந்த இடத்தில் தேர்வு நடக்கும் முறையைச் சொல்லிவிட வேண்டும். மறுதேர்வுக்கு ஐந்து பேர். ஆளுக்கு ஒரு பூ. அதைப் பிரித்து, படம் வரைந்து, பாகம் பாகமாக விவரித்து, குடும்பமும் பெயரும் சொல்ல வேண்டும். பாதி மார்க்கு அதற்கே. பூ பறித்து வருவது என் பொறுப்பு. வெயில் ஏறுவதற்குள் பறிக்க வேண்டும். ஒவ்வொரு செடியிலும் மொட்டு, விரிந்த பூ, காய் என்று மூன்றும் வேண்டும். ஈரத்துணி சுற்றி டிபன் கேரியரில் அடுக்குக்கு ஒன்றாக வைத்து எடுத்துவருவேன். மேடம் பார்த்து ஒப்புக்கொண்டதும், ஒன்று முதல் ஐந்து வரை எழுதிய சீட்டுகளை மடித்துக் கண்ணாடித் தட்டின் மூடியில் போடுவேன். பிள்ளைகள் வந்த வரிசையில் ஆளுக்கொன்று எடுப்பார்கள்.

விடிந்ததும் கேரியரோடு கிளம்பினேன். ஆவாரை, ஊமத்தை, தும்பை, செம்பருத்தி. எல்லாம் வகுப்பில் பத்துத் தடவை பிரித்துப் பார்த்த பூக்கள். ஐந்தாவதற்கு வேலி ஓரத்திலேயே எருக்கு இருந்தது. அதைத் தாண்டிப் போனேன். நேற்று நாங்கள் சாய்த்த மரத்தில், பருவம் தப்பி ஒரு கிளையில் மட்டும் பூ இருந்தது.

தூங்குமூஞ்சிப் பூவைப் பார்த்திருப்பீர்கள். இளஞ்சிவப்பில், பவுடர் பூசுகிற பஞ்சு மாதிரி இருக்கும். பார்க்கிறவன் அதை ஒரு பூ என்றுதான் நினைப்பான். அது ஒரு பூ இல்லை, ஏறக்குறைய இருபது பூ சேர்ந்த கொத்து. அதை ஒரே பூ என்று எடுத்துக்கொண்டால் எழுதுவது எல்லாமே தப்பாகிவிடும். நின்ற மரத்தில் எட்டாத உயரத்தில் இருப்பதால் வகுப்பில் யாரும் அதைப் பிரித்ததில்லை. மலை மேலே அந்த மரம் கிடையாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அதன் உலர்ந்த பூவை, எங்கெங்கே வளரும் என்ற குறிப்போடு, துறையின் பழைய ஏட்டில் ஒட்டியவன் நான்தான். மூன்று கொத்துகளைக் கிள்ளிக் கேரியரின் ஐந்தாவது அடுக்கில் வைத்தேன்.

மேடம் அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்கேந்து?"

"ரோட்ல சாஞ்சி கெடந்துச்சுங்க மேடம்."

"வெட்னது வெட்டிட்டாங்க. பூவாவது வீணாவாம இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார்.

பத்து மணிக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். மூன்று பேர் உள்ளூர். ஒருவன் மூங்கில்துறைப்பட்டிலிருந்து சைக்கிளை மரத்துக்கு மரம் தூக்கித் தாண்டி வந்தவன். சடையன் வரவில்லை. நான் நான்கு சீட்டுகளைத்தான் மூடியில் போட்டேன். ஐந்தாவது சீட்டு என் உள்ளங்கையில், கட்டை விரலுக்கு அடியில் இருந்தது. நான்கு பேரும் எடுத்து முடித்த பிறகு, மூடியைத் துடைக்கிற மாதிரி அதை உள்ளே விட்டேன். யாரும் பார்க்கவில்லை. பிறகு வாசலில் போய் நின்று சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய முள் ஆறைத் தொட்டுவிட்டால் இந்தப் பூவுக்குக்கூட வேலை இல்லை. தொடட்டும், தொடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியை வேண்டினேன் என்று நினைவில்லை.

இருபத்தேழாவது நிமிடம் வந்துவிட்டான். முந்தின நாள் காலையில் மலையிலிருந்து இறங்கி, கச்சிராயபாளையத்தில் யார் வீட்டிலோ படுத்து, மறுபடி நடந்து வந்திருக்கிறான். முழங்கையில் சட்டை கிழிந்து, தலையெல்லாம் மரத்தூள். "அண்ணே, டைம் கீதா?" என்றான். மூச்சு வாங்கியது. மேடம் எட்டிப் பார்த்து, "உள்ள வாங்க" என்றார்.

மூடியில் இருந்த ஒரே சீட்டை எடுத்தான். ஐந்தாம் எண். துணியைப் பிரித்துப் பூவைப் பார்த்தான். சிரித்தான்.

ஊசியை எடுத்தான். கொத்தை ஒவ்வொரு பூவாகப் பிரித்து வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தான். ஓரத்துப் பூக்கள் பதினெட்டு, சின்னச் சின்னக் காம்போடு. நடுப்பூ ஒன்றை மட்டும் தனியாக வைத்தான். அதற்குக் காம்பில்லை, மற்றவற்றைவிடப் பருத்தது. ஓரப்பூவுக்கு ஒரு படம், நடுப்பூவுக்கு ஒரு படம் என்று இரண்டு வரைந்தான். வெளித்தேர்வாளர் அலுத்துக்கொண்டே சுற்றி வந்தவர் அங்கே நின்றுவிட்டார்.

"நடுவுல இருக்கறது வேற மாதிரி இருக்குன்னு புஸ்தகத்துல படிச்சியா?"

"இல்லீங்க சார். வழியெல்லாம் இந்த மரத்து மேலதான் ஏறி எறங்கி வந்தேன். ஒரு மரத்துல மட்டும் பூ இருந்துச்சு. உக்காந்தப்போ கிள்ளிப் பாத்தேன். நடுவுல ஒண்ணு மட்டும் இன்னாத்துக்குப் பெருசா இருக்குதுன்னு வர்ற வழியெல்லாம் பிச்சுப் பாத்துக்கினே வந்தேன்."

குடும்பத்தையும் பெயரையும் பிழையில்லாமல் சொன்னான். மேடம் கழுத்திலிருந்த லென்ஸைக் கழற்றி வெளித்தேர்வாளரிடம் கொடுத்தார். அவர் யாருக்கும் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை. வெளித்தேர்வாளர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கோபம் போயிருந்தது. நான் கயிறு பிடித்து இழுத்த மரம் அவனைப் பாஸ் பண்ண வைத்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேடம் லென்ஸைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அஞ்சாவது சீட்டு கடைசி வரைக்கும் தட்டுலயே இருந்துச்சு இல்லீங்க?"

"ஆமாங்க மேடம்."

"நாலு பேரு எடுத்தும் அது யாரு கைக்கும் வரலியே."

நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த தேர்விலிருந்து சீட்டுகளை மேடமே எழுதி மேடமே மடித்தார். ஓய்வு பெறும் வரை அப்படித்தான். பூ பறிக்கும் பொறுப்பை மட்டும் என்னிடமே விட்டிருந்தார். என்னை 'நீங்க' என்று கூப்பிடுவதையும் விடவில்லை. என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

சடையன் வாசலில் காத்துக்கொண்டிருந்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நான் நடந்துதான் வருவேன், ரோட்ல அந்தப் பூவப் பாத்துக்கினே வருவேன்னு கணக்குப் பண்ணித்தான வெச்சீங்க?"

இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் இருந்தது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சில வருஷம் கழித்து, தனியாக இல்லாவிட்டாலும் வேறு பல சாதிகளோடு சேர்த்து எங்களுக்கும் ஒரு பங்கு வந்தது. என் மகள் அதில்தான் இதே துறையில் சேர்ந்து படித்தாள். முதல் செய்முறை வகுப்பில் அவள் செக்‌ஷன் வெட்டுவதைத் தள்ளி நின்று பார்த்தேன். சந்தோஷப்பட்டேன், கூடவே என் பெண் மேலேயே கொஞ்சம் பொறாமையும் வந்தது. இதை அவளிடம் சொன்னதில்லை, இப்போது படித்துக்கொள்ளட்டும். சடையன் பி.எட். முடித்து மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியாராகி, பிறகு தலைமையாசிரியரும் ஆனான். வருஷா வருஷம் தை பிறந்ததும் மலைப் பேருந்து கண்டக்டரிடம் ஒரு மூட்டை சாமை கொடுத்தனுப்புவான். என் மனைவி அதைப் பொங்கி, "உங்களுக்குன்னு ஒரு நல்ல காரியமாவது பண்ணி வெச்சிக்கீறீங்க" என்பாள். நான் கடமைக்கு ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன்.

என் பணி நிறைவு விழாவுக்கும் வந்தான். கூப்பிடாமலே மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, மறியல் நாளில் ஒரு அட்டெண்டர் தன்னை எப்படிக் கரையேற்றினார் என்று அந்தப் பூக்கதையைச் சொன்னான். கை தட்டினார்கள். கல்லூரி முதல்வர் எனக்குச் சால்வை போர்த்தினார். விழா முடிந்து வாகனங்கள் நிற்கும் இடத்தில் அவனைத் தனியாக இழுத்துப் போய், சீட்டைக் கையில் மறைத்தது முதல் கடிகாரத்தைப் பார்த்தது வரை ஒன்று விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு என் தோளைத் தட்டிச் சிரித்தான்.

"சும்மா இருங்கண்ணே. மேடைல ரொம்பப் புகழ்ந்துட்டேன்னு கூச்சப்பட்டுக்கினு இன்னா இன்னாவோ சொல்றீங்க. எங்க ஊர்ல உங்க பேரச் சொல்லித்தான் பசங்களுக்குக் கதையே சொல்றேன்."

அவன் மார்க்கைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், அவன் கையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அன்றைக்கு அவன் மனசைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். நான் செய்த துரோகத்தைக்கூட அவனால் நல்லதாகத்தான் பார்க்க முடிகிறது. எனக்கு அவன் செய்கிற நல்லதுகூட முள்ளாகத்தான் குத்துகிறது.

வாயால் சொன்னால் நம்பாதவன் அச்சில் பார்த்தால் நம்புவான். அவன் வாத்தியார். இந்த மலர் பழைய மாணவர்கள் எல்லோருக்கும் தபாலில் போகும் என்றார்கள். கரியாலூருக்கும் ஒன்று போகும். வருகிற தையில் மலைப் பேருந்து வரும்போது ஸ்டாண்டுக்குப் போய் நிற்கப் போகிறேன். இந்த ஒரு வருஷம் சாமை வராமல் இருந்தால், என்னை அவனுக்கு உள்ளபடி தெரிந்துவிட்டது என்று அர்த்தம். வந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.